பதினேழாவது டிஸ்க்

கதவைத் திறங்க சார்வாள், அடிக்க வரலை. சங்கிலியை மாட்டிக்கிட்டு இடுக்கு வழியாப் பார்த்தா எந்த மனுசனும் ரவுடி மாதிரித்தான் தெரிவான். என் பேரு பால்த்துரை. பைபாஸ் பக்கத்துல பழைய இரும்புக் கடை. 'பல்கலைக்கழக ஊழியரின் கையைச் சிதைத்த இரும்பு வியாபாரி'ன்னு பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டானே, அந்த ஆளேதான். போட்டது பொய். நான் அவளை அடிக்கலை. அதைச் சொல்லிட்டு, உங்ககிட்ட ஒரு சாமான் வாங்கிட்டுப் போகணும், அவ்வளவுதான் சோலி.

ஆ, திறந்துட்டீங்களா. நல்லது. உங்க சம்சாரமா? தங்கச்சி, பயப்படாதம்மா. ஒரு சொம்பு தண்ணி கொண்டா, வெயில் மண்டையைப் பொளக்கு.

நீங்கதானே ச. மாசிலாமணி? ஒன்பது வருசத்துக்கு முன்னால அந்தப் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணின ஆளு? பல்கலைக்கழகம் பேரை நான் சொல்லக்கூடாதுன்னு வக்கீல் வாயைக் கட்டிப் போட்டிருக்கார். உங்களுக்கே தெரியும். கல்குவாரி வெடியில செத்தவங்க வீட்டுப் பொம்பளைகளைத் தேடிப் போய், அவங்க பேசினதை ரெக்கார்டு பண்ணினது நீங்கதானே? தலையை ஆட்டுனாப் போதும். அப்ப சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கேன். இதுக்கு முன்னால ரெண்டு மாசிலாமணி வீட்டுக் கதவைத் தட்டிட்டேன். ஒரு மாசிலாமணி நாயை அவுத்து விட்டுட்டான். நாய்க்கு என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க.

முதல்லருந்து சொல்லுதேன். சொன்னாத்தான் நான் எதுக்கு வந்தேன்னு விளங்கும்.

போன சித்திரையில அங்க கழிவுச் சாமான் ஏலம். அங்க ஒரு பழக்கம் உண்டு, பார்த்துக்கிடுங்க. எது வேண்டாமோ அதுமேல செவப்புத் தாளை ஒட்டி 'கழிவு'ன்னு எழுதிருவாங்க. செவப்புத் தாள் ஒட்டினதை எல்லாம் வருசத்துக்கு ஒரு தடவை அள்ளி வெளியில வெச்சு ஏலம் விடுவாங்க. என்கூடப் போட்டி போட ஒருத்தன் வந்தான். கையைத் தூக்கினான். அந்தக் கையைப் பிடிச்சு இறக்கி, ஒரு விரலைப் பின்பக்கமா லேசா வளைச்சேன். லேசாத்தான். அதுக்கப்புறம் அவன் அன்னைக்குக் கையே தூக்கலை. ஏலம் எனக்கு விழுந்துட்டு.

இப்படிப் பேசுதானேன்னு பார்க்காதீங்க. நான் ஒன்பது வயசுல ரயில்வே பட்டறைக்குப் பின்னால ஆணி பொறுக்கினவன். ஒரு வாட்ச்மேன் இருந்தான். திருட்டுப் பயலே, திருட்டுப் பயலேன்னு சொல்லிக்கிட்டே லத்தியால போடுவான். முழங்கால்ல இந்தா பாருங்க, இது அவன் வெச்ச கையெழுத்து. நான் படிச்ச பள்ளிக்கூடம் அந்த லத்திதான். அதுல படிச்சவன் ஃபெயிலாக மாட்டான்.

சரி. ஏலத்துல எடுத்தது என்னென்ன? பழைய கம்ப்யூட்டர், பிரிண்டர், பேட்டரி, கால் உடைஞ்ச நாற்காலி. அதோட ஒரு தகரப் பெட்டி. அதுமேலயும் செவப்புத் தாள். கழிவு. கடைக்குக் கொண்டாந்து திறந்து பார்த்தா உள்ள இருபத்துநாலு ஹார்ட் டிஸ்க். ஒவ்வொண்ணையும் பச்சைப் பிள்ளையைச் சுத்துற மாதிரி வெள்ளைத் துணியில சுத்தி வெச்சிருக்கு. கழிவுக்கு எவனாவது துணி சுத்துவானா? எனக்கு அப்பவே உறுத்துச்சு. ஆனா உறுத்துறதுக்கெல்லாம் நின்னு யோசிச்சா என் தொழில் நடக்காது. ஹார்ட் டிஸ்க் எனக்கு என்ன? மேல அலுமினியம், அடியில பச்சைப் பலகை, உள்ள காந்தம், நடுவுல கண்ணாடி மாதிரி மினுங்குற தட்டு. தனித்தனியாப் பிரிச்சா தனித்தனி விலை. அம்புட்டுத்தான்.

சனிக்கிழமை உச்சி வெயில்ல அவ வந்தா. ஷேர் ஆட்டோவுல இருந்து இறங்கி, செருப்பு ஒண்ணு பிஞ்சு போய், அதைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வாரா. ஜெபராணின்னு பேரு. முப்பத்தஞ்சு வயசிருக்கும். அந்தப் பல்கலைக்கழகத்துல பிள்ளைங்க எழுதுற ஆராய்ச்சி, எடுத்த போட்டோ, பதிஞ்ச பேச்சு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திப் பத்திரப்படுத்துற வேலை. பதினோரு வருசமா அந்த வேலை, பதினோரு வருசமா தற்காலிக ஊழியர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. தெரியுமா? ஆ, உங்க டேப்பை எல்லாம் வாங்கி ஏத்தினதே அவதானா? அப்ப நல்லதாப் போச்சு, மிச்சத்தை நீங்க இன்னும் கவனமாக் கேக்கணும்.

வந்தவ, "அண்ணாச்சி, ஒரு தகரப் பெட்டி தவறுதலா வந்துட்டு. அது எங்க பிள்ளைங்க படிப்பு அண்ணாச்சி, திருப்பிக் கொடுத்துருங்க"ன்னா. அவ கண்ணு அந்தப் பெட்டிமேல போகுது, என்மேல வருது, மறுபடி பெட்டிமேல போகுது. சார்வாள், ஒரு ஆளு கண்ணு ஒரு சாமான்மேல ரெண்டு தடவை போச்சுன்னா அந்தச் சாமானுக்கு விலை ஏறிரும். இது என் குத்தமில்லை, தொழில் அப்படி. நான் ஒரு விலை சொன்னேன். கூடுதலாத்தான் சொன்னேன். பாதிக்குக் கேப்பா, முக்காலுக்கு முடிப்போம்னு கணக்கு.

அவ, "சரி அண்ணாச்சி"ன்னுட்டா.

பேரம் பேசலை. ஒரு வார்த்தை குறைச்சுக் கேக்கலை. எனக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. நாப்பது வருசத் தொழில்ல நான் சொன்ன விலைக்கு எவனும் சரின்னதில்லை. அப்படின்னா என்ன அர்த்தம்? நான் ஏமாந்துட்டேன்னு அர்த்தம். உள்ள புதையல் இருக்கு, நான் அதைத் தகர விலைக்குச் சொல்லிட்டேன். உடனே, "மறந்துட்டேம்மா, சொன்னது பாதி விலை, முழு விலை ரெண்டு மடங்கு"ன்னேன். அதுக்கும் "சரி அண்ணாச்சி"ன்னா. கழுத்துச் சங்கிலியைக் கழட்டப் போறா! பொம்பளை நகையைத் தொடுற ஈனப்பய நான் இல்லை. "உள்ள போட்டுக்கோ, திங்கக்கிழமை வா, அப்ப விலை சொல்லுதேன்"ன்னு அனுப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒருத்தனை வரவழைச்சு உள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம்னு எண்ணம். அவன் வரலை, அது வேற.

போகும்போது மூணு தடவை திரும்பி வந்தா. "அதை ஒண்ணும் பண்ணிரமாட்டீங்களே அண்ணாச்சி?" "மழையில வெச்சிராதீங்க அண்ணாச்சி." "துணியை எடுத்திராதீங்க அண்ணாச்சி." நான் என்ன பேயா பிசாசா? இன்னும் ஒரு தடவை கேட்டிருந்தா சும்மாவே தூக்கிக் கொடுத்திருப்பேன். அவ நாலாவது தடவை கேக்கலை. என்ன செய்ய?

நேரா ஆபீஸ்ல போய்ச் சொல்லியிருக்கா. திங்கக்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப்பு வந்து நிக்கி. முன்னால உதவிப் பதிவாளர், தயாபரன்னு பேரு, வெயில்ல கோட்டு போட்ட ஆளு. பின்னால நாலு செக்யூரிட்டி, கையில கம்பு. கடைசியா ஜெபராணி. "சார், நான் பேசுறேன் சார், அண்ணாச்சி கொடுத்துருவாங்க சார்"னு அவன் பின்னாலயே ஓடி வாரா. அவன் திரும்பிக்கூடப் பார்க்கலை. கடை வாசல்ல நின்னு, நாலு தெருவுக்குக் கேக்க ஒரு கேள்வி கேட்டான்.

"யாருல இங்க திருட்டுச் சாமான் வாங்குற பய?"

சார்வாள், என்னைக் கஞ்சன்னு சொல்லுங்க, காட்டான்னு சொல்லுங்க, சிரிச்சுக்கிட்டு டீ வாங்கித் தருவேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் கூடாது. அதைக் கேட்டா இந்த முழங்கால் தானா வலிக்கும். இருந்தும் பொறுத்தேன். சத்தியமாப் பொறுத்தேன். ஏல ரசீதை எடுத்துக் காட்டினேன். கேட்ல கொடுத்த சீட்டைக் காட்டினேன். "கழிவுன்னு நீங்கதான் சார் ஒட்டியிருக்கீங்க"ன்னேன். அவன் வாங்கினான். கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டுப் படிச்சான். நாலாக் கிழிச்சான். கிழிச்சதை என் தராசுத் தட்டுல போட்டு, "இப்ப எடை போட்டுப் பாருல"ன்னான்.

கொம்பையான்னு என் கடையில இருபது வருசமா ஒரு ஆளு. எறும்பு போனா நின்னு வழி விடுவான். அவன், "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க"ன்னு குனிஞ்சு தாளைப் பொறுக்கினான். பொறுக்கினவன் பிடரியில ஒரு செக்யூரிட்டி கம்பால போட்டான். கொம்பையா அப்படியே தராசுமேல மூஞ்சி அடிச்சு விழுந்தான். ரெண்டு பல்லு தட்டுல கிடந்துச்சு. தராசு முள்ளு ஆடி நிக்கி.

அதுக்கப்புறம் எனக்கு எல்லாம் செவப்பாத்தான் தெரிஞ்சது.

கையில ஒரு குழாய் வந்துட்டு. யாரு கொடுத்தா, எப்படி வந்துச்சு, தெரியாது. கொம்பையாவை அடிச்சவன் முட்டியில போட்டேன். பச்சைக் கொம்பு முறியிற சத்தம் கேட்டுச்சு. ரெண்டாமத்தவன் என் புருவத்துல கம்பை இறக்கினான், இந்தா, இந்தத் தையல். கண்ணுல ரத்தம். ரத்தத்தோடயே அவன் விலாவுல மூணு போடு. மூணாவதுக்கு அவன் வாந்தி எடுத்துட்டான். மிச்சம் ரெண்டு பேரும் ஜீப்பு அடியில போயிட்டானுக. தயாபரனைக் கோட்டோட தூக்கினேன். பேட்டரித் தண்ணி ஊத்தி வெக்கிற தொட்டி ஒண்ணு இருக்கு, ஆசிட்டு. அதுக்கு நாலு விரக்கடை மேல அவன் மூஞ்சியைப் பிடிச்சேன். கண்ணாடி கழண்டு உள்ள விழுந்து புசுபுசுன்னு பொங்குது. "இப்பச் சொல்லுல, யாருல திருட்டுப் பய?" "நீங்க இல்லைங்க, நீங்க இல்லைங்க"ன்னு அழுதான். கோட்டு எல்லாம் நனைஞ்சுட்டு, மேல இல்லை, கீழ. விட்டுட்டேன். நான் விட்டதை எந்தப் பேப்பர்காரனும் எழுதலை, பார்த்தீங்களா?

அதோட நின்னிருக்கலாம். நிக்கலை. அந்தக் கிழிஞ்ச ரசீது தட்டுல கிடக்கு, கொம்பையா பல்லோட. அதைப் பார்த்ததும் மறுபடி ஏறிட்டு. "உனக்கு இதுதானல வேணும்? வா, எடுத்துக்கோ"ன்னு தகரப் பெட்டியைப் பட்டறைக் கல்லுப் பக்கத்துல கவுத்தினேன். சம்மட்டியை எடுத்தேன். ஒரு டிஸ்க்கை எடுத்துத் துணியை உருவினேன். கல்லுமேல வெச்சேன். ஓங்கி ஒரு போடு.

அப்பத்தான் அவ கத்த ஆரம்பிச்சா. "அண்ணாச்சி வேண்டாம்"னு கத்தலை. அப்படிக் கத்தியிருந்தா கேட்டிருப்பேனோ என்னமோ. அவ ஒவ்வொண்ணுக்கும் பேரு சொல்லிக் கத்துறா. உருவின துணியைப் பார்த்தே உள்ள என்னன்னு அவளுக்குத் தெரியுது. "அண்ணாச்சி, அது குளத்துப் பறவைங்க! நாலு வருசம் ஒரு பொண்ணு எடுத்த போட்டோ!" நான் போடு. "அது நரிக்குறவர் பாஷை அண்ணாச்சி!" போடு. "அது ஆத்துத் தண்ணி, மாசா மாசம் எடுத்தது!" போடு. ஏலம் மாதிரியே இருந்துச்சு, பார்த்துக்கிடுங்க. அவ பேரு சொல்லுதா, நான் முடிக்கேன். அவ சொல்லச் சொல்ல எனக்கு வெறி கூடுது. எனக்குத் தெரியாத சாமானுக்கெல்லாம் பேரு இருக்கு, என் ரசீதுக்கு மட்டும் மரியாதை இல்லையான்னு. தட்டு வளைஞ்சு தெறிக்குது, ஒண்ணு என் கன்னத்தைக் கீறிட்டுப் போச்சு. பதினாறு.

பதினேழாவதைக் கல்லுல வெச்சேன். "அது குவாரி!"ன்னா. "அண்ணாச்சி, அதுல ஆளுங்க பேசுறாங்க!"

சம்மட்டி மேல போயிட்டு. ஏழு கிலோ சம்மட்டி. மேல போனது மேலயே நிக்குமா? இறங்குது. இறங்கிக்கிட்டிருக்கும்போது அவ கையைக் கொண்டாந்து டிஸ்க்குமேல வெச்சா.

நான் அவளை அடிக்கலை சார்வாள். அவதான் வெச்சா.

சத்தம் வேற மாதிரி இருந்துச்சு. அதுவரைக்கும் பதினாறு தடவை கேட்ட சத்தம் இல்லை. நான் சம்மட்டியைத் தூக்கினேன். அவ கையைத் தூக்கலை. தூக்க முடியலை. மூணு விரலும் தகடும் ஒண்ணாச் சப்பிக் கிடக்கு. அவ கத்தலை. என்னைப் பார்த்து, "உள்ள இருக்கிற தட்டு வளைஞ்சுட்டா அண்ணாச்சி?"ன்னு கேட்டா. கேட்டுட்டு விழுந்துட்டா.

தங்கச்சி, அழாதம்மா. நீ ஏன் அழுத. தண்ணியைக் கொடு.

அதுக்கப்புறம் போலீஸு, ரிமாண்டு, பதினஞ்சு நாள். உள்ள எவனோ வம்புக்கு வந்தான், அவனையும் ஒரு கை பார்த்தேன், அது தனிக் கதை. ஜாமீன்ல வெளிய வந்ததும் வக்கீல் சொன்னார்: "அந்தப் பொண்ணு ராஜிக்கு, சமாதானமாப் போறதுக்கு, ஒத்துக்கிட்டா நீ பிழைச்ச. இல்லைன்னா வருசக் கணக்குல உள்ளதான்." சரின்னு ரெண்டு கிலோ ஆப்பிளும் ஒரு ஹார்லிக்ஸும் வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கையில கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். மூணை எடுத்துட்டாங்க.

அங்க வெச்சுத்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சது. அந்தச் செவப்புத் தாளை ஒட்டினது யாருன்னு நினைக்கீங்க? அவளேதான்! பரிட்சை வந்தா ஒரு ஆபீஸ்காரன் வந்து, "கொஞ்ச நாளைக்கு வேணும்மா"ன்னு ரெண்டு டிஸ்க்கை எடுத்துட்டுப் போயி, உள்ள இருந்ததை அழிச்சுட்டுத் தன் கணக்கை ஏத்திக்கிடுவானாம். பட்ஜெட்டு வந்தா இன்னொருத்தன். ரெண்டு தடவை அப்படிப் பறிபோயிருக்கு. கழிவுன்னு எழுதி ஒட்டிட்டா எவனும் தொடமாட்டான்னு இவளா ஒரு யோசனை பண்ணி ஒட்டியிருக்கா. நாலு வருசம் எவனும் தொடலை. தன் கூடப்பொறந்த தங்கச்சி பிரசவத்துக்கு மூணு நாள் லீவு போட்டா பாருங்க, அந்த மூணு நாள்ல ஏலம். ஏலம் விடுறவன் செவப்புத் தாளைப் பார்த்தான், அள்ளிட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. "அப்ப தப்பு உன்மேலதானம்மா?"ன்னேன். "ஆமா அண்ணாச்சி, என்மேலயும்தான்"னா. அந்த 'உம்' எனக்குப் பிடிக்கலை. ஆனாலும் விட்டுட்டேன், கட்டுப் போட்ட ஆளுகிட்ட என்ன மல்லுக்கட்டுறது.

பல்கலைக்கழகம் என்ன பண்ணுச்சு தெரியுமா? காப்பகம் பத்திரமா இருக்குன்னு மேலிடத்துக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்துட்டானுகளாம். இப்பப் போச்சுன்னு சொன்னா நாற்காலி ஆடும். அதனால போலீஸுக்கு ஒரு லெட்டர்: 'உடைக்கப்பட்டவை கழிவுப் பொருட்களே. அவற்றில் எதுவும் இல்லை.' ஜெபராணியை இனி வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. என் வக்கீலுக்கு அந்த லெட்டர் லட்டு. எனக்கு? எனக்கு வயிறு எரியுது சார்வாள். ஒண்ணுமில்லாத கழிவுக்கா நாலு பேரு கம்போட வந்தீங்க? ஒண்ணுமில்லாததுக்கா கொம்பையா பல்லு? ஒண்ணுமில்லைன்னா அவ எதுக்குல கையை வெச்சா?

நேத்து தயாபரனைப் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். ஓடிட்டான். புதுக் கண்ணாடி.

ராஜிப் பேச்சுக்கு வாரேன். "உனக்கு என்னம்மா வேணும்? எவ்வளவு வேணாலும் கேளு"ன்னேன். அவ இடது கையால ஒரு தாள்ல எழுதினா. கோழி கிண்டின மாதிரி இருக்கு, இந்தா பாருங்க. பத்தொன்பது வரி. உடைஞ்ச பதினேழு டிஸ்க்குல இருந்ததுல, அச்சடிச்ச புத்தகமா வேற எங்கயும் இல்லாதது இது மட்டும். எல்லாம் அவ மனசுல இருந்தே எழுதினது. பேரு, வருசம், என்ன பதிஞ்சது. "இந்தப் பிள்ளைங்க யாருகிட்டயாவது ஒரு காப்பி இருக்கும் அண்ணாச்சி. தேடிக் கொண்டாங்க. பத்தொன்பதும் வந்தாக் கையெழுத்துப் போடுறேன்"னா. நான் பேசினேன். பத்துக்கு முடிப்போம்னேன். மாட்டேன்னா. பதினஞ்சு? மாட்டேன். "சரி, பதினெட்டு, ஒண்ணே ஒண்ணு விட்டுக்கொடு"ன்னேன். நாடு பூரா மில்லுக்காரனை எல்லாம் அடிச்சுக் குறைச்சவன் நான். அவகிட்ட ஒரு வரி குறைக்க முடியலை. அன்னைக்கு விலை சொன்னப்ப வாயைத் திறக்காதவ, இப்ப அசைய மாட்டேங்கா.

மூணு மாசமா அலையுதேன். கடையைக் கொம்பையா பார்த்துக்கிடுதான். உங்களைப் படிக்க வெச்ச அப்பன் ஆத்தாளை எல்லாம் சொல்லணும், ஒருத்தன்கூட உருப்படியா வெச்சிருக்கலை! அந்தப் பறவை போட்டோ எடுத்த பொண்ணு தங்கமான பொண்ணு, பென் டிரைவும் கொடுத்துப் பாயசமும் கொடுத்தா. ஆத்துத் தண்ணி ஆளு இப்ப ஃபைனான்ஸ் கம்பெனியில இருக்கான். "அதெல்லாம் எதுக்குங்க இப்ப"ன்னு சிரிச்சான். அவன் காரு கதவுலயே அவன் தலையை ரெண்டு தடவை சாத்தினேன். சிரிப்பு நின்னுட்டு. அவன் ஆத்தா ஓடி வந்து, "ஏய்யா, அந்த சிடியா? மாடியில கொய்யாமரத்துல கிளி கொத்தாம இருக்கக் கட்டித் தொங்கவிட்டிருக்கு"ன்னா. ஆறு வருசம் ஆத்துத் தண்ணி, கிளியை விரட்டுது! மரத்துல ஏறி நானே அவுத்தேன். கீறல் விழுந்திருந்துச்சு. ஜெபராணி அதுல முக்கால்வாசி எடுத்துட்டா, ரெண்டு விரலை வெச்சுக்கிட்டே. கெட்டிக்காரி.

இதுவரைக்கும் பத்து வரி அடிச்சாச்சு. உங்க வரி பதினொண்ணு. 'ச. மாசிலாமணி. குவாரி வெடிவிபத்து. முப்பத்தொரு பெண்கள், நாற்பது மணி நேரம்.' பதினேழாவது டிஸ்க்கு இதுதான். இதுக்குக் கீழ மட்டும் அவ ரெண்டு கோடு போட்டிருக்கா. அதுல பேசின பொம்பளைங்கள்ல பாதிப்பேரு இப்ப இல்லையாம். செத்தவன் இவன் இவன்னு எந்தச் சர்க்கார் தாள்லயும் கிடையாதாம், குவாரிக்காரன் அன்னைக்கே வாயை அடைச்சுட்டானாம். அவங்க பேரு இருக்கிற ஒரே இடம் அந்தப் பேச்சுதான்னு சொன்னா.

அதான் சார்வாள் கேக்கேன். உங்க பழைய லேப்டாப்புல இருக்கும்லா? எடுங்க. பார்த்துட்டு இந்தா தரையில உக்காந்து காப்பி போட்டுட்டுப் போயிருதேன். உங்களுக்கு ஒரு சேதாரமும் வராது.

என்ன? சத்தமாச் சொல்லுங்க.

வித்துட்டீங்களா?

எப்ப? மூணு வருசமாச்சா? எதுக்கு? சார்ஜு நிக்கலைன்னா? சரி, யாருக்கு வித்தீங்க? தெருவுல வந்த பழைய இரும்பு வண்டிக்காரனுக்கா?

யாவன்ல அவன்? பேரு என்ன? உள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? எடைக்குப் போட்டு வாங்கி, கொண்டுபோய் உடைச்சுக் காந்தத்தை உருவிட்டு வீசியிருப்பான், நாதாரி. அவனெல்லாம் மனுசனா? சோத்தைத்தான் திங்கானா? அவனைக் கண்டேன்னா கையை ஒடிச்சுக் காக்காய்க்குப் போடுவேன். முப்பத்தொரு பொம்பளை அதுல பேசுதாவ, ஒரு தராசுத் தட்டுல தூக்கி வெச்சிருக்கான் மூதி!

நீரு என்னவே பண்ணினீரு? நீரு எதுக்கு வித்தீரு? அவ மூணு விரலைக் கொடுத்திருக்கா, நீரு எத்தனை ரூவாய்க்குப் போட்டீரு? விலகும்மா நீ, குறுக்க வராத. சட்டையை விடமாட்டேன். பட்டன் போனாப் போட்டும், நீ தைச்சுக் கொடு. இவரு மண்டையை இந்தச் சுவத்துல... உக்காரும். உக்காரும்வே! ஓடினா கால் இருக்காது.

மூணு வருசம் அலைஞ்சு கேட்டீருலா? வீடு வீடாப் போய், எதிர்ல உக்காந்து, உம்ம காதால கேட்டீருலா? லேப்டாப்பு போச்சு, காது போகலைலா? நான் ஆணி பொறுக்கினப்ப வாட்ச்மேன் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு இன்னைக்கும் நினைவு இருக்கு. நீரு படிச்ச ஆளு. உமக்கு இல்லாமப் போகுமா?

இந்தா என் போனு. மேசைமேல வெக்கேன். இந்தச் செவப்புப் புள்ளியை அமுக்கினாப் பதியும்னு ஜெபராணி சொல்லிக் கொடுத்திருக்கா. அமுக்கிட்டேன். தங்கச்சி, ஃபேனை அமர்த்து, சத்தம் வருது. முப்பத்தொண்ணு முடியிற வரைக்கும் நான் இங்கருந்து எந்திரிக்க மாட்டேன், நீரும் எந்திரிக்க மாட்டீரு.

மொத வீடு எது? அழாதேயும். ஓட்டு வீடா, ஓலை வீடா, அதெல்லாம் அப்புறம். அந்தப் பொம்பளை பேரு என்ன? செத்த ஆளு பேரு என்ன?

கேக்கலை. போன் பக்கமாக் குனிஞ்சு சொல்லும்.